பட்டமும் கடனும்: கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு

(ரவாங்கில் நடைபெற்ற கல்வி நிதி வழங்கும் நாளில் ஆற்றிய உரை)



நிதிக்கு வரும் மனுக்களைப் படிக்கும் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது. பாதி மனுக்களில் ஒரே வாசகம்: "அறிவியல் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, கடனும் கிடைக்கும், மீதிக்கு உதவ வேண்டும்." அந்தக் "கடனும் கிடைக்கும்" என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது, கல்லூரிகள் பெருகின. மறு ஆண்டே, 1997-இல், பி.டி.பி.டி.என். என்னும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அமைக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக வாசல் திறந்ததில் இந்த இரண்டுக்கும் பெரும் பங்குண்டு. அதை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் அது உபகாரச் சம்பளம் அன்று, கடன். பதினெட்டு வயதுப் பிள்ளை கையெழுத்திடுகிறது. முப்பத்தைந்து வயது வரை கட்டுகிறது.

கரும்பலகை இல்லாவிட்டாலும் ஒரு கணக்குப் போடுவோம். கடன் 30,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, 15 ஆண்டுகள். மொத்தம் 34,500 வெள்ளி. மாதம் ஏறக்குறைய 192 வெள்ளி. அதுவே 60,000 ஆகி 20 ஆண்டுகளுக்கு நீண்டால் மாதம் 300 வெள்ளி.

இனி சம்பளத்துக்கு வருவோம். பட்டதாரிக்குத் தொடக்கச் சம்பளம் 2,500 வெள்ளி என்று கொள்வோம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 275 வெள்ளி போக, கடன் தவணை 192-உம் போக, கையில் 2,033 வெள்ளி. அவனோடு படித்தவன் படிவம் ஐந்தோடு தொழிற்சாலைக்குப் போனான். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதி போக 1,513. மாதம் நாற்பது மணி நேரம் ஓவர்டைம் செய்தால் ஒன்றரை மடங்குக் கணக்கில் இன்னுமொரு 490 வெள்ளி. ஆக 2,003. (சொக்சோ இருவருக்கும் உண்டு, அதை விட்டுவிட்டேன்.) நான்காண்டு படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் முதல் வருடத்தில் வித்தியாசம் முப்பது வெள்ளி! அந்த நான்காண்டில் மற்றவன் அடிப்படைச் சம்பளமாக மட்டும் 80,000 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தும் விட்டான்.

இதைக் கேட்டுப் "படிப்பே வேண்டாம்" என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். ஓவர்டைம் என்பது உடம்பு கொடுக்கும் பணம்; நாற்பது வயதில் அது குறையும். பட்டதாரியின் சம்பளம் அந்த வயதில்தான் ஏறும். ஆனால் முதல் ஐந்தாறு ஆண்டுகள் இறுக்கமாகத்தான் இருக்கும். தேசிய வங்கியின் 2018 ஆண்டறிக்கையே, விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் டிப்ளோமா பெற்றவரின் தொடக்கச் சம்பளம் 2010-இல் 1,458 வெள்ளியாக இருந்தது 2018-இல் 1,376 ஆகக் குறைந்தது என்றும், முதுகலைப் பட்டதாரிக்கும் 2,923-இலிருந்து 2,707-க்கு இறங்கியது என்றும் எழுதியது.

எந்த அறிவியல் என்பதும் முக்கியம். வேதியியல் படித்தவர் வேதியியலாளராகத் தொழில் செய்ய, 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசிய வேதியியல் கழகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். கல்லூரி தரும் பட்டத்தை அந்தக் கழகம் ஏற்கிறதா என்று எத்தனை பெற்றோர் கேட்கிறோம்? கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்கிறோம், குளிர்சாதன வசதியைப் பார்க்கிறோம். மருத்துவக்கூடப் படிப்புகள், சத்துணவியல் போன்றவற்றுக்கும் 2016 முதல் தனிச் சட்டம் உண்டு. பெயரில் "பயோ" இருந்தால் போதும், மருத்துவமனை வேலை நிச்சயம் என்று நம்பிவிடக் கூடாது.

வழியும் முக்கியம். ஆறாம் படிவத்துக்கு நம் பிள்ளைகள் போகத் தயங்குகிறார்கள், கடினம் என்கிறார்கள். கடினம்தான். ஆனால் எஸ்.டி.பி.எம். எழுதிப் பொதுப் பல்கலைக்கழகம் போகிறவனின் கடன், தனியார் கல்லூரியில் அடிப்படை ஆண்டிலிருந்தே கட்டணம் கட்டுகிறவனின் கடனில் ஒரு பகுதிதான் வரும். நம் ஊரிலிருந்து கொமுட்டர் ஏறினால் தஞ்சோங் மாலிம். அங்கே உப்சி பல்கலைக்கழகம், அறிவியல் ஆசிரியராக விரும்புகிறவருக்கு. கோலசிலாங்கூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெஸ்தாரி ஜெயாவில், நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், சிலாங்கூர்ப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. வீட்டுச் சோறு தின்று படிப்பவனுக்கு வாடகைக் கடன் இல்லை.

முதல் வகுப்பில் தேறினால் கடன் விலக்கு என்னும் ஏற்பாடும் உண்டு. அதன் நிபந்தனைகள் மாறிக்கொண்டே வருவதால், கையெழுத்திடும் நாளில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திருப்பிச் செலுத்தாதவர்கள் வெளிநாடு செல்ல முடியாதபடி ஒரு காலத்தில் தடை இருந்தது. 2018-இல் சுமார் 4,33,000 பேரை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். தடை போனாலும் கடன் போகவில்லை.

எல்லாரையும்விட என்னை வருத்துவது பாதியில் நிற்கும் பிள்ளைகள். இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு உடல்நலம் கெடும், அல்லது ஒரு பாடம் தவறும். பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். பட்டம் இல்லை, வாங்கிய கடன் அப்படியே இருக்கும். மேலே சொன்ன கணக்கில் 192 வெள்ளியைப் படிவம் ஐந்து சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

நன்கொடையாளர்களே, நம் நிதி இதுவரை பல்கலைக்கழகத்தில் நுழைகிறவருக்கு மாலை போட்டு ஒரே தொகையாகக் கொடுத்து வருகிறது. படம் எடுக்க அழகாகத்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் அதில் பாதியை ஒதுக்கி வைத்து, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் தடுமாறும் மாணவருக்குப் பருவக் கட்டணமாக நேரே கட்ட வேண்டும் என்ற தீர்மானத்தை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கொண்டுவருகிறேன். மேடையில் மாலை குறையும். உங்களுக்குச் சம்மதம்தானா என்று கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள்.