நான்காம் ஆண்டை விட்டுக்கொடுக்காதீர்கள்

(உயர்தர வகுப்பு மாணவிகளுக்கான வழிகாட்டல் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வைத்தியர்கள் வந்தால் மருத்துவ பீடத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் இன்று பேச வந்தது விஞ்ஞான, கலைப் பீடங்களுக்குப் போகவிருப்பவர்களிடம்.

எங்கள் வகுப்பில் இரசாயனவியலில் எப்போதும் முதலாவதாக வந்த தோழி, விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் ஆண்டு முடிவில் சிறப்புக் கற்கைக்குத் தெரிவானாள். "மூண்டு வருசத்திலை பட்டம் கிடைக்குமெண்டால், நாலாவது வருசம் என்னத்துக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். அவள் பொதுப் பட்டத்துடன் வெளியேறினாள். "அதுவும் பட்டந்தானே" என்று நாங்களும் ஆறுதல் சொன்னோம். பின்னாளில் ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க முனைந்தபோது, கைக்குழந்தையோடு இன்னொரு தகைமையை முதலில் படிக்க வேண்டியிருந்தது.

எங்கள் நாட்டின் தகைமைக் கட்டமைப்பில் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். சிறப்புப் பட்டதாரி முதுதத்துவமாணிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

அதைவிடப் பெரிய நன்மை அந்த ஆண்டில் செய்யும் ஆய்வு. அதுவரை பிறர் கண்டறிந்ததைப் படித்தவள், ஒரு கேள்வியைத் தானே எடுத்து மாதக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டுகிறாள். பரிசோதனை பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று தேடுகிறாள். சிறிய வகுப்பென்பதால் விரிவுரையாளருக்கு அவளை நன்றாகத் தெரியும். நாளை சிபாரிசுக் கடிதம் எழுதுபவரும் அவர்தான்.

பொதுப் பட்டம் குறைவானதல்ல. எங்களைக் கைபிடித்து ஏற்றிவிட்ட ஆசிரியைகளில் பலர் பொதுப் பட்டதாரிகளே. விரும்பி அதைத் தெரிவு செய்தால் மகிழ்ச்சி. கிடைத்த இடத்தைப் பிறருக்காக விடுவதுதான் எங்கள் கவலை. மருத்துவப் படிப்புக்கு ஐந்து ஆண்டுகள். அதில் ஓர் ஆண்டைக் குறைக்கும்படி எங்கள் வீடுகளில் எவரும் கேட்கவில்லை. தோழியிடம் மட்டும் ஏன் கேட்டார்கள்?

தெரிவு முறை பீடத்துக்குப் பீடம் வேறுபடும். எங்கும் தொடக்க ஆண்டுப் பெறுபேறுகளே பார்க்கப்படும். ஆகவே முதலாம் ஆண்டை விளையாட்டாக விடாதீர்கள்.

இடம் கிடைத்தும் வீட்டில் தயங்கினால் எங்களிடம் சொல்லுங்கள். அம்மா, அப்பாவோடு இருந்து பேச நாங்கள் வருவோம். அன்று தோழியின் வீட்டுக்கு நாங்கள் போகவில்லை.