தசைக்கும் பராமரிப்பு உண்டு
(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் மெஷினைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது நம் அப்பா அம்மாவின் கால் தசையைப் பற்றி.

1965-ல் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது. அப்போது 20 வயதில் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இன்று 80 ஆகிவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர்களும் முதுமைக்கு வந்துவிட்டார்கள். அன்று இரும்பு தூக்கியவர்களில் பலருக்கு இன்று கை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. 50 வயதுக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் தசை குறைகிறது. பலம் அதைவிட வேகமாகக் குறைகிறது. பாத்ரூமில் ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலர் மறுபடி பழையபடி நடப்பதில்லை.

"வயசாச்சுப்பா, ராத்திரி ரெண்டு இட்லி போதும்" என்பார்கள். நாமும் சரியென்று விட்டுவிடுகிறோம். அந்த ரெண்டு இட்லியில் புரதம் நாலைந்து கிராம்தான். குன்னூரில் 1918-ல் தொடங்கி, பின்னர் ஐதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், வயது வந்தோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று 2020-ல் சொன்னது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2013-ல் பரிந்துரைத்தது. 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். ஏன் கூடுதல்? ஒரே அளவு புரதம் கொடுத்தாலும், இளம் தசையைப் போல முதிய தசை அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஆகவே வயது ஏறினால் சோறு குறையலாம், புரதம் குறையக்கூடாது.

இதற்கு டப்பா பவுடர்தான் வேண்டுமென்பதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6, ஒரு கிண்ணம் சுண்டலில் ஏழெட்டு, 100 கிராம் மீனில் சுமார் 20. எல்லாவற்றையும் மத்தியானமே சாப்பிடாமல், மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது. கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

இன்னொன்று. மெட்டீரியல் வந்தால் மட்டும் போதாது, லோடும் வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாதவர்கள் முதலில் கை ஊன்றியே தொடங்கட்டும். பூந்தமல்லி கடைத்தெருவிலிருந்து காய்கறிப் பையை அப்பா தூக்கி வருகிறேன் என்றால், பிடுங்காதீர்கள்.

மெஷினுக்கு மெயின்டனன்ஸ் அட்டவணை போடுகிற நாம், இன்று ராத்திரி வீட்டுப் பெரியவர்களின் தட்டையும் ஒருமுறை பார்ப்போம்.