உள்ளாட்சியின் சுற்றுச்சூழல் திட்டமும் நாமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசாமல் குப்பையையும் சாக்கடையையும் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கக்கூடும். நம் இரவுப் பள்ளி முதலில் நடந்த கொட்டகையை அறிந்தோர் வியக்க மாட்டார்கள்.

அக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு. பாடம் முடிந்ததும் பிள்ளைகள் நீர் மொண்டு குடித்தது அதில்தான். பின்னாளில் பேரூராட்சியார் அதனருகே ஊர்க்குப்பையைக் கொட்டலாயினர். முதலில் வாரத்திற்கு ஒரு வண்டி. பிறகு நாள்தோறும் வண்டிகள். இரண்டு மழைக்காலங்கள் கழிந்தபோது கிணற்று நீர் பழுப்பேறிற்று. அதில் சோறாக்கினால் சோறும் நிறம் மாறிற்று. நாம் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் சென்றோம். அங்கிருந்தவர் நாற்காலி கொடுத்து மரியாதையாகவே பேசினார்; அதை மறைப்பது நன்றன்று. வரைபடம் ஒன்றை விரித்துக் காட்டினார். குப்பைமேடு சரியான இடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அதையடுத்து நம் தெரு இருக்க வேண்டிய இடத்தில் ‘காலி நிலம்’ என்று எழுதியிருந்தது. கிணறு வரையப்படவேயில்லை.

நம் மனுவை மறுத்தவர் எவருமில்லை. ஆயினும் ஏட்டில் இல்லாத கிணறு கெட்டுவிட்டதென்று எவர் ஒப்புக்கொள்வார்? நாம் கெட்ட நீரைக் குடத்தில் ஏந்திக் காட்டினோம். அவர்கள் தாளைக் காட்டினார்கள். தாளே வென்றது. ஒரு திட்டத்தின் விதி அது முடிவாகும் நாளிலன்று, அதன் முதல் வரைபடம் வரையப்படும் நாளிலேயே தீர்ந்துவிடுகிறது என்பதை நாம் அன்று கற்றோம். அப்பாடத்தை உங்களிடம் ஒப்படைக்கவே இங்கு நிற்கிறோம்.

சுற்றுச்சூழலைக் காப்பது உள்ளாட்சியின் வேலையா என்று இன்னும் கேட்போர் உளர். அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்தன. நகராட்சிகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில் நீர் வழங்கல், துப்புரவு, குப்பை அகற்றல், இடுகாடு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகிய யாவும் அடங்கும். 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மாவட்டந்தோறும் சுற்றுச்சூழல் திட்டம் வகுக்குமாறு ஆணையிட்டது. மாவட்டத் திட்டம் வானத்திலிருந்து இறங்குவதன்று; ஒவ்வோர் ஊரும் தரும் கணக்கைக் கூட்டியே அது எழுகிறது. நம் ஊர்க் கணக்கில் கிணறு விடுபட்டால் மாவட்டக் கணக்கிலும் அது விடுபடும்.

இளைஞர்களே, உள்ளாட்சித் தீர்மானம் ஒன்றைத் தாளிலிருந்து தரைக்குக் கொண்டுவரும் போராட்டம் நமக்குப் புதிதன்று. பொதுநிதியால் பேணப்படும் நீர்நிலைகள் தீண்டப்படாதாருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானித்தது. மகாடு நகராட்சியும் 1924இல் தன் சவுதார்க் குளத்தை எல்லோர்க்கும் திறப்பதாகத் தீர்மானம் இயற்றியது. மூன்றாண்டுகள் அத்தீர்மானம் உறங்கிற்று. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்கள் புடைசூழச் சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதன்பின் நடந்ததை நம்மவர் பலர் சொல்வதில்லை: அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது! வழக்கு நடந்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் நம் உரிமை நிலைபெற்றது. நீர் எவருக்கு என்பதே அங்கு எழுந்த வினா. அந்நீர் எந்நிலையில் நம்மை வந்தடைகிறது என்னும் வினாவும் அதனோடு சேர்ந்ததே.

இனித் திட்டம் வகுக்கும் முறைக்கு வருவோம். அலுவலகங்களில் பெரும்பாலும் வேற்றூர்த் திட்டமொன்றை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றித் தட்டச்சு செய்துவிடுகின்றனர். கடலே இல்லாத ஊருக்குக் கடற்கரைத் தூய்மை பற்றிய பத்தி வந்து சேர்வது இப்படித்தான். நல்ல திட்டத்திற்கு முதலில் வேண்டுவன கால்கள். ஊரின் எல்லையை நடந்து சுற்றி வர வேண்டும். கோடையில் ஒருமுறை, அடைமழையில் ஒருமுறை. கோடையில் நடந்தவனுக்கு வாய்க்கால் தெரியும். அது எத்தெருவில் புகுந்து எவர் வாசலில் தேங்குகிறது என்பது மழையில் நடந்தவனுக்கே தெரியும். நம் தெருக்கள் பல ஊரின் தாழ்ந்த பக்கத்தில் இருக்கின்றன. மேட்டுத்தெருச் சாக்கடை எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் நம் வீட்டுக்கே வந்து சேர்வோம்.

அடுத்தது அளத்தல். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், குப்பை நிரப்பும் நிலம் குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100 மீட்டர் விலகியிருக்க வேண்டுமென வரையறுத்தன. நம் இரவுப் பள்ளிக் கிணற்றுக்கும் மேட்டுக்கும் இடையே 150 அடிகூட இராது. அதாவது 50 மீட்டருக்கும் குறைவு. இவ்வொரு கணக்கு அன்று நம் மனுவில் இருந்திருந்தால்! ‘நாற்றம் தாங்கவில்லை’ என்று உருக்கமாக நான்கு பக்கம் எழுதினோம், தூரத்தை எழுதவில்லை. உருக்கத்திற்குக் கோப்பில் இடமில்லை, எண்ணுக்கு உண்டு.

நீரையும் அவ்வாறே ஆய வேண்டும். மழை குப்பையினூடே இறங்கும்போது அழுகியவற்றின் சாறு அதனோடு கலந்து மண்ணுக்குள் கசிந்து கிணற்றை அடைகிறது. ஆதலால் ஒரே கிணற்றின் நீரை மழைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புதல் வேண்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. வேறு நீர் இல்லாவிடத்து 2000 வரை பொறுக்கலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது. கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்ற நம் பிள்ளைகளுக்கு இவ்வெண்கள் விளங்கும். கல்விச் சங்கம் குப்பையைப் பற்றி ஏன் பேசுகிறது என்ற ஐயத்திற்கு இதுவே நம் விடை.

குப்பையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு தெருவை எடுத்து ஏழு நாள் மக்குவதையும் மக்காததையும் தனித்தனியே நிறுத்தால், எவ்வளவு குப்பை வெளியே செல்லவே தேவையில்லை என்பது புலப்படும். கேரளத்து ஆலப்புழை நகரின் குப்பை நெடுநாள் அண்டைக் கிராமத்துச் சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டது. 2012இல் அம்மக்கள் வண்டிகளை மறித்தனர். நகரம் நாறியது; நாறிய பின்னரே சிந்தித்தது. வீட்டிலும் தெருவிலும் உரமாக்கும் தொட்டிகளை அமைத்தது. 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அதனைச் சிறந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. இங்கு நம்மவர்க்கு ஒரு சொல்: ‘எங்கள் தெருவில் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் வண்டி அடுத்த சேரிக்குத் திரும்பும். நம் கிணற்றைக் காத்து அவர்கள் கிணற்றைக் கெடுக்கும் திட்டத்திற்கு நாம் கையொப்பமிடலாகாது.

இன்னொன்றைக் கூறாமல் விட இயலாது. எந்தத் திட்டத்திலும் ‘பணியாளர்’ என்றொரு பத்தி வரும். எத்தனை வண்டி, எத்தனை கூடை என்று எழுதியபின், எத்தனை ஆள் என்று எழுதியிருக்கும். அந்த ஆள் யார் என்று எழுதியிராது. எழுதாமலே எல்லோர்க்கும் தெரியும். கையால் மலம் அள்ளும் தொழிலை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையாகத் தடுத்து, சுகாதாரமற்ற கழிப்பிடங்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளின் மேலேயே வைத்தது. சாக்கடைக் குழியில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென 2014இலும், 30 லட்சமாக உயர்த்தி 2023இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுத் தொகை உயர்ந்தது. குழிக்குள் இறங்குவோரோ இன்னும் நம்மவராகவே இருக்கின்றனர். ஆகவே கழிவுநீர்த் தொட்டியை எந்த இயந்திரம் உறிஞ்சும், அதை எங்கே கொண்டுபோய்ச் சுத்திகரிப்பர், பணியாளருக்குக் கையுறையும் நிலையான ஊதியமும் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்னும் மூன்றும் எழுதப்படாத திட்டத்தை நாம் சுற்றுச்சூழல் திட்டம் என ஏற்பதற்கில்லை. நம் உடலும் சுற்றுச்சூழலைச் சேர்ந்ததே.

பணம் இல்லை என்பர். 15ஆம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் துப்புரவுக்குமே என்று கட்டியிருந்தது. அது எத்தெருவில் செலவாயிற்று என்று அறிய 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் தவணை. கிராம சபை தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறாயின. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கிணற்றைப் பற்றிப் பேச அதனினும் ஏற்ற நாள் ஏது? தீர்மானப் புத்தகத்தில் நம் சொல் எழுதப்படும்வரை, எழுதியதைப் படித்துக் காட்டும்வரை, எழுந்து வராதீர்கள். எழுதாத பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை.

சங்கத்தின் இரும்புப் பெட்டியில் நூறடி நாடா ஒன்று கிடக்கிறது. விளையாட்டு விழாவுக்கென்று வாங்கியது. வரும் ஞாயிறு காலை அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக் கிணற்றடியில் கூடுவோம். இருவர் நாடாவைப் பிடிக்கட்டும், ஒருவர் எழுதட்டும். தெருவிலுள்ள பாட்டிமார்களையும் அழைத்து வாருங்கள். மூடிப்போன கிணறுகள் எங்கெங்கே இருந்தன என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.