பத்தாம் வகுப்பு ஆங்கிலமும் நம் பிள்ளைகளும்

(பென்னாகரத்தில் நம் சங்கத்தின் மாலை வகுப்பு மாணவ மாணவியர்க்கும் பெற்றோர்க்கும் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூலி வேலையை அரைநாளோடு நிறுத்திக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, என் அன்பு மாணவச் செல்வங்களே!

வெள்ளி விழா ஆண்டில் மேடை ஏறுகின்றவர் சங்கத்தின் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அதனைச் செயலாளர் அவர்கள் செவ்வனே செய்வார்கள். பொதுத்தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள்களே இருக்கின்றன. ஆதலால், ஆங்கிலப் பாடத்தை எவ்வாறு திருப்பிப் படிப்பது என்னும் ஒன்றை மட்டுமே பேசுவதென்று வந்திருக்கிறேன். கணக்கையும் அறிவியலையும் விட்டு ஆங்கிலத்தை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். நம் தெருப் பிள்ளைகள் பெரும்பாலும் தடுக்கி விழுகின்ற இடம் அதுதான். அங்கே விழுந்து எழுந்தவன் என்னும் உரிமையிலேதான் பேசுகிறேன்.

1986-ஆம் ஆண்டு நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். ஆங்கிலத்தில் பெற்ற மதிப்பெண் 29. உழைக்காமல் தோற்றேன் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாங்கையாக வாங்கிய ஒரு கைடிலிருந்து பதினொரு கட்டுரைகளை, காற்புள்ளி அரைப்புள்ளி உட்பட, நெட்டுருப் போட்டிருந்தேன். தேர்வுக்கூடத்தில் வினாவைச் சற்றே திருப்பிக் கேட்டிருந்தார்கள். நான் படித்த விடையின் முதல் வாக்கியம் நினைவுக்கு வரவில்லை. முதல் வாக்கியம் வராததால் அதன் பின்னே கோத்திருந்த ஒன்றும் வரவில்லை. அந்தப் பாடத்தை நான் ஒரு முறையேனும் கதையாகப் படித்ததில்லை என்பது அப்பொழுதுதான் எனக்கே விளங்கிற்று. எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் விடை, கதை தெரியாது.

தோற்றபின் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் நான்கு மாதம் கலவை சுமந்தேன். மறுதேர்வு அந்நாளில் அக்டோபரில்தான் வரும். விடுமுறைக்கு ஊர் வந்தபோது, எங்கள் தெருவில் பி.யு.சி. வரை படித்திருந்த அண்ணன் ஒருவர் என்னை அழைத்து, "கைடை மூடி வை. அந்தக் கதை என்ன, தமிழிலே சொல்லு" என்றார். என்னால் சொல்ல இயலவில்லை. அவர் சிரிக்கவுமில்லை, வையவுமில்லை. பாடநூலை எடுத்து வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்னார். மறுநாள் என்னைச் சொல்ல வைத்தார். அதற்கு மறுநாள், எனக்குத் தெரிந்த சின்னச்சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுத வைத்தார். அக்டோபரில் 41 வாங்கினேன். பெரிய மதிப்பெண் அன்று. ஆயினும் அந்த 41-தான் பி.ஏ., பி.எட். என்று இந்த மேடை வரைக்கும் என்னை நடத்தி வந்தது. அவர் கற்றுத் தந்த முறையைத்தான் இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

கூத்துப் பார்த்திருக்கிறீர்கள். திரௌபதி வேடம் கட்டுகிற நம் ஊர்க் கலைஞர், பாட்டை மனப்பாடமாகப் பாடுவார். ஆனால் இடையிடையே வரும் பேச்சை அந்தந்த இரவுக்குத் தக்கவாறு தாமே கட்டிக்கொள்வார். கட்டியங்காரன் எந்தக் குறுக்குக் கேள்வி கேட்டாலும் அவர் தடுமாறுவதில்லை. கதை முழுவதும் அவர் உள்ளத்தில் கிடப்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் அதை எடுக்க முடிகிறது. வினாத்தாளும் ஒரு கட்டியங்காரன்தான். பாட்டுக்கு மனப்பாடம், உரைநடைக்குக் கதையறிவு என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2019-ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் வகுப்பு ஆங்கில நூலின் முதல் பாடம், லியாம் ஓ'ஃபிளாஹெர்ட்டி என்னும் அயர்லாந்து எழுத்தாளரின் கதை. கடற்பறவைக் குஞ்சு ஒன்று பறக்க அஞ்சிப் பாறை விளிம்பில் தனியே நிற்கிறது. தாய்ப்பறவை மீன் துண்டைக் கொண்டுவந்து எட்டாத தொலைவில் நிறுத்துகிறது. பசி தாங்காத குஞ்சு மீனை நோக்கிப் பாய்கிறது, விழுகிறது, விழும்போதே சிறகு விரிகிறது. கதை இவ்வளவே. அஞ்சியது ஏன் என்று கேட்கலாம், குடும்பம் என்ன செய்தது என்று கேட்கலாம், பசியின் பங்கு என்ன என்றும் கேட்கலாம். கைடைப் படித்தவன் மூன்று விடைகளை நெட்டுருப் போடவேண்டும். கதையைப் படித்தவனுக்கு ஒன்றே போதும். "ஹங்கர் மேட் ஹிம் ஃபிளை" என்று நான்கே சொல்லில் ஒரு பையன் எழுதியிருந்தான். எந்தக் கைடிலும் அந்த வாக்கியம் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். பசியைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் உரை எழுதித் தர வேண்டியதில்லை அல்லவா?

தாய்மார்களே, இப்பொழுது உங்களிடம் வருகிறேன். "எங்களுக்கு எழுத்தே தெரியாது, இங்கிலீசுக்கு நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கிறீர்கள். துணைப்பாடத்தில் ஜப்பான் நாட்டுக் கதை ஒன்று, மட்சுவோ பாஷோவின் பெயரால், இடம்பெற்றிருக்கிறது. முதியோரைக் கொன்றுவிட வேண்டுமென்று கொடுங்கோலன் ஒருவன் ஆணையிடுகிறான். ஏழை உழவன் ஒருவன் தன் தாயை முதுகில் சுமந்து மலையேறுகிறான். தாயோ வழிநெடுகச் சுள்ளிகளை ஒடித்துப் போட்டுக்கொண்டே போகிறாள். நம் மாலை வகுப்பு மாணவன் ஒருவன் இக்கதையை வீட்டில் தன் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறான். அவர் கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். நடுவில் நிறுத்தி, "அந்தம்மா எதுக்குடா குச்சிய ஒடிச்சிப் போட்டுக்கிட்டே போனா?" என்று கேட்டாராம். பையனுக்குத் தெரியவில்லை. அவன் படித்திருந்த சுருக்கத்தில் அவ்வரி விடுபட்டிருந்தது. பாடநூலை எடுத்துத் தேடினான். திரும்பிச் செல்லும் மகன் வழி தவறிவிடக் கூடாது என்பதற்காகவே அவள் அவ்வாறு செய்தாள் என்று கண்டு சொன்னபோது, அந்தத் தாய் முறத்தைக் கீழே வைத்துவிட்டாராம். அப்புறம் என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்டு, சாம்பலால் கயிறு திரிக்கச் சொன்ன புதிருக்கு, வைக்கோற்கயிற்றைக் கல்லின்மேல் நீட்டி வைத்து எரிக்கச் சொன்ன முதியவளின் விடை வரைக்கும் கேட்டறிந்த பின்னரே எழுந்திருக்கிறார். நான் வைத்த எந்தத் திருப்புதல் தேர்வும் அவ்வளவு துல்லியமாய் அந்த மாணவனைச் சோதித்ததில்லை. கதை நொண்டுகிற இடம் கேட்பவர் காதுக்குத் தெரியும். அதற்கு எழுத்தறிவு வேண்டாம். ஒவ்வொரு நாளும் அடுப்படியில் கால்மணி நேரம் ஒரு கதை கேளுங்கள். குறிப்புகளைக் கொண்டு துணைப்பாடக் கதையை விரித்தெழுதும் வினா ஒன்றுக்கே 8 மதிப்பெண். முன்பின்னாகக் கிடக்கும் வாக்கியங்களை வரிசைப்படுத்துவதற்கு 5. இரண்டுக்கும் இதுவே பயிற்சி.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1907-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறியபோது பம்பாயில் பாராட்டுக் கூட்டம் நடந்ததையும், கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்ததையும் நாம் மேடைதோறும் பேசுகிறோம். அதற்கு முந்திய இரவுகளைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். பரேலில் ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. தந்தை ராம்ஜி இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, மகனை எழுப்பிவிட்டபின் தாம் படுத்துக்கொள்வாராம். ராம்ஜி படைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். தர்க்கட்கரின் மொழிபெயர்ப்புப் பயிற்சி நூல்களை மகனுக்கு வைத்து, மராத்திக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே போய்வரப் பழக்கினார். தாய்மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் போவது தாழ்ந்த வழி என்று யாரேனும் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இனிப் பாடல்கள். மனப்பாடப் பாடலுக்கு 5 மதிப்பெண். இதை இழப்பதற்கு மன்னிப்பே கிடையாது. வாயால் சொல்லிப் பார்ப்பது போதாது. தலைப்பு, கவிஞர் பெயர், நிறுத்தக்குறிகள் உட்பட நாள்தோறும் ஒரு முறை எழுதி, நூலோடு ஒப்பிட்டுப் பிழையைத் தாமே திருத்துங்கள். அணிநலன் வினாக்களைக் கண்டு நம் பிள்ளைகள் நடுங்குகிறார்கள். நடுங்குவானேன்? முதலெழுத்து ஒன்றிவருவது மோனை. அடி இறுதி ஒன்றிவருவது இயைபு. உவமையும் உருவகமும் தமிழ் வகுப்பிலேயே படித்தவை. கிப்ளிங்கின் பாடலில் இயந்திரங்கள் தாமே பேசுகின்றன. உயிரற்றது பேசினால் அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். ஆங்கிலப் பெயரை மட்டும் புதிதாகப் படித்துக்கொண்டால் போதும். ஜேம்ஸ் கிர்க்கப், மனிதரில் அயலார் எவருமில்லை என்று பாடியிருக்கிறார். ஊருக்கும் காலனிக்கும் நடுவே கிடக்கும் அந்த நூறு முழத்தைக் காலால் அளந்தறிந்த பிள்ளைக்கு, அப்பாடலின் மையக் கருத்தைக் கைடு சொல்லித்தர வேண்டுமா?

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஷேக்ஸ்பியரின் 'புயல்' கதை துணைப்பாடமாக இருக்கிறது. மேரி லாம்ப், சார்லஸ் லாம்ப் என்னும் அக்காளும் தம்பியும் 1807-இல் வெளியிட்ட கதைத்தொகுதி நம் சங்க நூலகத்தில் இருக்கிறது. அதை எடுத்துச் சென்று படித்த அப்பெண் மறுநாள் வந்து, "ஐயா, பிராஸ்பெரோ தீவுக்கு வருவதற்கு முன்பே காலிபன் அங்கே இருந்தவன்தானே? அப்படியானால் அவன் ஏன் விறகு சுமக்கிறான்?" என்று கேட்டாள். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவன் நான். எனக்கு உடனே விடை கூற வாய் வரவில்லை. இவ்வினா வினாத்தாளில் வராது. நானும் அவளிடம் அப்படியே சொன்னேன். "வராவிட்டால் என்னங்க ஐயா" என்றாள். அன்று முதல் அக்கதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அவ்வினாவை நானே கேட்டுவிடுகிறேன்.

கடிந்து சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். ஆங்கிலத்தில் தோற்ற பையனை மறுவாரமே பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏற்றிவிடுகிறோம். பெண்ணாக இருந்தால் வைகாசிக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுகிறோம். பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணமுடிப்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். துணைத்தேர்வு இப்பொழுது முடிவு வந்த சில வாரங்களிலேயே நடக்கிறது. என்னைப் போல அக்டோபர் வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்ச்சிக்கு வேண்டியது 35. எட்டாமற்போன சில மதிப்பெண்ணுக்காக ஒரு பிள்ளையின் படிப்பை நாமே முடித்துவைக்கும் வழக்கம் இந்த ஆண்டோடு நிற்கட்டும். தோற்ற பிள்ளையின் பெயரை உடனே சங்கத்தில் கொடுங்கள். விண்ணப்பம் போடுவது முதல் பாடம் சொல்லித் தருவது வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நாற்பது நாளையும் இவ்வாறு பகுத்திருக்கிறோம். உரைநடை ஏழு, துணைப்பாடம் ஏழு. ஆகக் கதைகள் பதினான்கு. நாளொன்றுக்கு ஒன்று. முதல் பதினான்கு நாளும் தமிழில் சொல்வது. அடுத்த பதினான்கு நாளும் அவற்றையே, நூலைப் பாராமல், பத்து வாக்கியத்துக்கு மிகாமல் ஆங்கிலத்தில் எழுதுவது. பிழை இருக்கட்டும், திருத்த ஆசிரியர்கள் இருக்கிறோம். எஞ்சிய நாள்களில் பழைய வினாத்தாள்களை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதவேண்டும். பாடல் எழுதுவது நாள்தோறும் உண்டு. வீட்டில் விளக்கு வசதி இல்லாதவர்கள் இரவு பத்து மணி வரை சங்கக் கட்டடத்தில் படிக்கலாம். மாணவியரை அழைத்துச் செல்ல அவரவர் வீட்டார் வரவேண்டும்.

நாளை மாலை ஆறு மணிக்குக் கடற்பறவைக் கதையோடு தொடங்குகிறோம். கைடை வீட்டில் வைத்துவிட்டுப் பாடநூலோடு வாருங்கள். முதலில் எழுந்து கதை சொல்லப் போகிறவர் யார் என்பதை இன்றே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள்.