அனுபவம் கிடைக்கும், அறை வாடகையை யார் கட்டுவது?

("கற்றுக்கொள்ள வரும் மாணவருக்குச் சம்பளம் தேவையா?" என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



எனக்கு முன் பேசிய நண்பர் அழகாகச் சொன்னார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அரசாங்க அலுவலகத்தில் நான்கு மாதம் பயிற்சி கிடைத்தால் அதுவே பெரிய சம்பளம். அதற்கு மேல் காசு கேட்பது நியாயமா?" என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அனுபவத்தைக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்ல முடியுமா? நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

இதற்கு உதாரணமாக அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை எடுத்துக்கொள்கிறேன். அரசாங்கப் பயிற்சி என்ற ஏற்பாடு அங்கே வேரூன்றிப் பல தலைமுறை ஆகிவிட்டது. அதன் நன்மையும் தீமையும் அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

வாசல் வழியே போனவர்கள்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் இரண்டு அவைகள். பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள், செனட் சபையில் 100 உறுப்பினர்கள். ஏறக்குறைய ஒவ்வோர் அலுவலகத்திலும் கல்லூரி மாணவர்கள் பயிற்சிக்கு இருப்பார்கள். தொலைபேசியை எடுப்பது, தொகுதி மக்களின் கடிதங்களைப் பிரித்து வகைப்படுத்துவது, ஊரிலிருந்து வருபவர்களுக்கு நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவது, குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது, இவைதாம் வேலை. ஒரு மசோதாவைப் பற்றி இன்று எத்தனை பேர் ஆதரித்துப் பேசினார்கள், எத்தனை பேர் எதிர்த்துப் பேசினார்கள் என்று கணக்கு வைத்திருப்பதும் அந்தப் பிள்ளைகள்தாம்.

சில்லறை வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1964-ஆம் ஆண்டு கெண்டக்கி மாநிலத்து செனட்டர் ஜான் ஷெர்மன் கூப்பரிடம் பயிற்சிக்குப் போன மாணவர் ஒருவர், பிற்காலத்தில் செனட் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரானார். அவர்தாம் மிட்ச் மெக்கானல். மேரிலாந்து செனட்டர் டேனியல் புரூஸ்டரின் அலுவலகத்தில் 1960-களில் ஒன்றாக வேலை பார்த்த இரண்டு இளையர்கள் நான்சி பெலோசியும் ஸ்டெனி ஹோயரும். 2007-இல் பெலோசி பிரதிநிதிகள் சபையின் முதல் பெண் சபாநாயகரானார். ஹோயர் அதே ஆண்டில் பெரும்பான்மைத் தலைவரானார்.

நமக்கு நெருக்கமான ஒரு பெயரையும் சொல்கிறேன். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், மாணவியாக இருந்தபோது கலிபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டனின் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் பகுதியில் பயிற்சி பெற்றார். அதே கிரான்ஸ்டன் வகித்த இடத்துக்குத்தான் 2016-இல் ஹாரிஸ் செனட்டராகத் தேர்வானார். பிறகு துணை அதிபரும் ஆனார்.

ஆக, இந்தப் பயிற்சி நாட்டை ஆளப்போகிறவர்கள் நுழையும் வாசல்களில் ஒன்று. அப்படியானால் அந்த வாசலில் யார் நுழைய முடிகிறது என்று கேட்பது நம் கடமை அல்லவா?

ஒரு சிறு விஷயத்தைக் கவனியுங்கள். ஹாரிஸ் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகம் வாஷிங்டனிலேயே இருக்கிறது. பெலோசி படித்த கல்லூரியும் அங்கேதான். தலைநகரில் ஏற்கெனவே இருப்பவருக்கு இந்த வாசல் பக்கத்து வீட்டு வாசல். மொன்டானாவிலோ மிசிசிப்பியிலோ இருப்பவருக்கு? தன் தொகுதிப் பிள்ளை என்று அந்த உறுப்பினர் ஆசையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தொகுதி ஓரிடம், அலுவலகம் வேறிடம். நடுவில் விமானச் செலவும் அறை வாடகையும் நிற்கின்றன.

ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்த வாசலைத் தாண்டிய கதையும் உண்டு. ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த பில் கிளிண்டன் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தவர். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பணமுடை. செனட்டர் ஃபுல்பிரைட் தலைமை வகித்த வெளியுறவுக் குழுவில் அவருக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. பகுதிநேர வேலைதான், ஆனால் சம்பளம் உண்டு. அந்தச் சம்பளம் அவருடைய படிப்புச் செலவுக்குக் கைகொடுத்தது. சம்பளம் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த இளையர் அங்கே உட்கார்ந்திருப்பாரா? எண்ணிப் பாருங்கள்.

சட்டம் போட்டவர்களின் சொந்த வீடு

அமெரிக்காவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1938-இல் வந்தது. அதை இயற்றிய காங்கிரஸ், தன் சொந்த அலுவலகங்களை நீண்ட காலம் அதற்கு வெளியிலேயே வைத்திருந்தது. 1995-இல்தான் தொழிலாளர் சட்டங்கள் தனக்கும் பொருந்தும் என்று சட்டம் செய்தது. ஆனால் அப்போதும் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து பயிற்சி மாணவர்களை விலக்கி வைத்தது. அரசாங்க இலாகாக்களிலும் இதே போல ஒரு விலக்கு. பொதுவாக அங்கே அரசாங்கம் எவரிடமும் இலவச வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். மாணவர் என்றால் வாங்கலாம் என்று அதிலே ஒரு சந்து வைத்தார்கள்.

நடுவில் நல்ல முயற்சியும் நடந்தது. மறைந்த அதிபர் லிண்டன் ஜான்சன் பெயரில் 1973-இல் பிரதிநிதிகள் சபை ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி மாணவர்களுக்குப் பணம் கொடுத்தது. 1990-களின் நடுவில் அது நின்றுபோனது. அதற்குப் பிறகு ஓர் உறுப்பினர் விரும்பினால் தம் அலுவலகச் செலவுப் பணத்திலிருந்து கொடுக்கலாம். பெரும்பாலோர் கொடுக்கவில்லை.

2017-இல் 'பே அவர் இன்டர்ன்ஸ்' என்ற அமைப்பு ஒவ்வோர் அலுவலகமாகக் கணக்கெடுத்தது. செனட்டில் குடியரசுக் கட்சியினரில் 51 விழுக்காட்டினர் சம்பளப் பயிற்சி தந்தார்கள். ஜனநாயகக் கட்சியினரில் 31 விழுக்காடு. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியினர் 8 விழுக்காடு; ஜனநாயகக் கட்சியினர் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்று மேடையில் உரத்துப் பேசிய கட்சிதான் தன் அலுவலகத்தில் குறைவாகக் கொடுத்தது. ஊருக்குத்தான் உபதேசம்!

இந்தக் கணக்கு வெளியே வந்ததும் வெட்கம் வேலை செய்தது. 2018-இல் காங்கிரஸ் பயிற்சி மாணவர்களுக்கென்றே தனியாகப் பணம் ஒதுக்கியது. பிரதிநிதிகள் சபைக்கு 88 லட்சம் அமெரிக்க டாலர், செனட்டுக்கு 50 லட்சம் டாலர். 2022 இலையுதிர் பருவத்தில், வரலாற்றிலேயே முதன்முறையாக, வெள்ளை மாளிகையும் தன் பயிற்சி மாணவர்களுக்கு வாரம் 750 டாலர் கொடுத்தது.

தொகையைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். பிரதிநிதிகள் சபையில் ஓர் அலுவலகத்துக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் என்று தொடங்கினார்கள். ஆண்டுக்கு மூன்று பருவம், பருவத்துக்கு இருவர் என்றால் ஆறு பேர். தலைக்கு 3,300 டாலர் சொச்சம். பத்து வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 330 டாலர். வாஷிங்டன் வாடகைக்கு அது பாதிக் கிணறு தாண்டிய கதைதான். பின்னர் அந்தத் தொகையை உயர்த்தினார்கள். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்கும் வரைதான் இந்தப் பணம். ஜான்சன் பெயரிலான திட்டம் நின்றதை முன்பே சொன்னேன்.

மறுப்பாளருக்கு என் பதில்

சம்பளம் கொடுத்தால் இடங்கள் குறையும், பத்துப் பேர் கற்கும் இடத்தில் நால்வர்தாம் கற்பார்கள் என்று நண்பர் சொல்லக்கூடும். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இலவசமாக வரக்கூடிய அந்தப் பத்துப் பேரும் யார்? நான்கு மாதச் செலவைப் பெற்றோர் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உதவித்தொகை வராத தாய் ஒருத்தி தொலைபேசியில் அழும்போது, வாடகை கட்ட முடியாமல் தவித்த வீட்டிலிருந்து வந்த ஒருவரும் அந்த அறையில் இருந்தால், அவர் எடுக்கும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும். சம்பளம் என்பது மாணவருக்குப் போடும் பிச்சையன்று. யாருடைய காதுகள் அந்த அறையில் இருக்க வேண்டும் என்பதற்கு நாடு கொடுக்கும் விலை.

சம்பளம் மட்டும் போதாது என்பதும் உண்மையே. யாருக்கு விண்ணப்பம் எழுதுவது என்றே தெரியாத பிள்ளைக்குச் சம்பளம் இருந்தும் பயனில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவன்

வாஷிங்டன் கதை நமக்கெதற்கு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நான் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் கூலிமிலிருந்து ஒரு மாணவன் படித்தான். கெட்டிக்காரன். தொழிற்பயிற்சிக்குப் புத்ராஜெயாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இடம் கிடைத்தது. நானே பரிந்துரைக் கடிதம் எழுதியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து, "வேண்டாம் சார், ஊர்ப்பக்கம் ஒரு கடையிலேயே பயிற்சி செய்துகொள்கிறேன்" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல வாய்ப்பை உதறுகிறாயே என்று கடிந்துகொண்டேன்.

பிறகுதான் சொன்னான். அறைக்கு இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, பேருந்துச் செலவு. அம்மா தொழிற்சாலையில் வேலை, தங்கை ஐந்தாம் படிவம். "அம்மாகிட்ட கேட்க மனசு வரல சார்."

அவன் இன்று நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த அலுவலகத்தில் அவன் உட்கார வேண்டிய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். பரிந்துரைக் கடிதம் எழுதிய நான், தங்க என்ன செய்வாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் குறை என்னுடையது.

நாம் செய்யக்கூடியது

வாஷிங்டனில் அரசாங்கம் பணம் ஒதுக்கும் வரை எல்லாரும் கைகட்டிக் காத்திருக்கவில்லை. ஸ்பானிய வழி மக்களுக்காகவும் கறுப்பின மக்களுக்காகவும் காங்கிரஸ் உறுப்பினர்களின் முயற்சியில் உருவான அறநிறுவனங்கள், தங்கள் சமூகத்து மாணவர்களை வரவழைத்து, தங்குமிடமும் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்துப் பயிற்சியில் சேர்த்துவிடுகின்றன. கதவைத் திற என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். கதவு வரை பிள்ளையைக் கொண்டுபோய் விடும் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள்.

நம்மாலும் இது முடியும். சங்கங்கள் பரிசளிப்பு விழாவில் மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவழிப்பதில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். காஜாங்கிலும் செர்டாங்கிலும் வீடு வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்களில், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் காலி அறை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் அறை, நான்கு மாதம். அவ்வளவுதான் கேட்கிறேன். விரிவுரையாளர்களே, இடம் வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், "தங்க இடம் இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். மாணவர்களே, பணமில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். பெற்றோரிடம் கேட்கத் தயங்கினால் ஆசிரியரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாத வரை, வாய்ப்பு வேண்டாம் என்று நீங்களே உதறியதாகத்தான் எல்லாரும் எண்ணுவோம். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

கற்றுக்கொள்ள வரும் மாணவருக்குச் சம்பளம் தேவையா என்பது இன்றைய தலைப்பு. தேவை என்பதே என் முடிவு.