பதில் சொல்ல விடுங்கள்



சங்ககால மன்னன் நன்னன் ஆண்ட செங்கத்து மண்ணில் நின்று பேசுகிறேன். அவனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்வதுதான் பாட்டு. எந்த வழியில் ஆபத்து, எங்கே சோறு கிடைக்கும் என்று கூட்டாளி கூட்டாளிக்குச் சொல்லும் பேச்சு அது. அந்தப் பேச்சு நம் பிள்ளைகளில் ஒரு சாராருக்கு இன்னும் வாய்க்கவில்லை. மூளை முடக்குவாதத்தாலோ ஆட்டிசத்தாலோ வாய்ப்பேச்சு வராமல், படப்பலகையையும் பேசும் செயலியையும் கொண்டு பேசுகிற இளையோரைச் சொல்கிறேன்.

வாயால் பேசுகிறவர் நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மேல் பேசிவிடுவார். கருவியால் பேசுகிறவர்களில் பலருக்கு 15 சொற்களை எட்டுவதே பெரும்பாடு. ஓர் இளைஞரைப் பார்த்திருக்கிறேன். கை நடுங்கி விரல் பக்கத்து எழுத்தில் விழாமலிருக்க, டேப்லெட்டின் மேல் துளையிட்ட தகடு ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். 'நேத்து மேட்ச்' என்பது வரை வந்தார். அதற்குள் அத்தை, "தண்ணி வேணுமாப்பா?" என்று டம்ளரை நீட்டிவிட்டார். அன்புக்கு அங்கே குறைவில்லை. காத்திருக்கத்தான் ஆளில்லை.

அதே இளைஞர் இரவில் வாட்ஸ்அப் குழுவில் அந்த வரியை முழுதாக எழுதி அனுப்புகிறார். எவ்வளவு நேரம் பிடித்தது என்று படிக்கிறவருக்குத் தெரியாது. "உனக்கு கிரிக்கெட்டே தெரியாதுடா" என்று நண்பர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். பரிதாபம் பார்க்காமல் சண்டை போட ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது, ஆயுள் முழுக்கப் பரிதாபத்தை மட்டுமே பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

கருவிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூனம் நடராஜன் 1985-இல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகர் மையத்தின் பிள்ளைகளோடு பழகித்தான், ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். வெளிநாட்டுக் கருவிகள் லட்சக்கணக்கில் விலை சொன்ன காலம் அது. பின்னர் ஆவாஸ் டேப்லெட் செயலியாகி, இன்று தமிழிலும் பேசுகிறது. ஆனாலும் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. படங்களை வரிசையாகத் தொட்டால் 'நான் தண்ணீர் வேண்டும்' என்றுதான் நிற்கும். 'எனக்கு' என்று வேற்றுமை உருபு ஏற்க மென்பொருளுக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் கையில் எடுக்க வேண்டிய வேலை இது.

அதைவிட அவசரமானது சொற்களின் தேர்வு. பசி, தண்ணீர், வலி, கழிப்பறை: பலகையில் பெரியவர்கள் அடுக்கிவைப்பது இவ்வளவுதான். 17 வயதுப் பிள்ளைக்கு 'போடா' வேண்டும், 'சும்மா சொன்னேன்' வேண்டும், பிடித்த நடிகரின் பெயர் வேண்டும். 'இது எனக்குப் பிடிக்கல', 'என் படத்தை அழி', 'இவன் என்னை மிரட்டுறான்' என்பவையும் கட்டாயம் வேண்டும். இணையத்தில் ஏமாற்றுவார்களே என்று பெற்றோர் அஞ்சுவது நியாயம். அந்த அச்சத்துக்கு மருந்து இந்தச் சொற்கள்தான். செல்போனைப் பிடுங்கிவைத்துக்கொண்டு அம்மாவே மகன் பெயரில் பதில் போடுவது, அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பதிலும் எழுதுவதற்குச் சமம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இத்தகைய மாற்றுவழிப் பேச்சையும் தகவல்தொடர்பு என்றே வரையறுக்கிறது. ஆகவே பள்ளியிலும் அலுவலகத்திலும் அந்தப் பேச்சுக்குக் காதுகொடுப்பது சலுகை ஆகாது.

இணையம் சரியாகக் கிடைக்காத ஊரில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மலையேறினால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். செயலியின் குரலை முன்கூட்டியே இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் அது பேசும். எழுதிய செய்தி சிக்னல் வந்ததும் போய்ச் சேரும். சார்ஜ் தீர்ந்தால் அட்டையில் ஒட்டிய படப்பலகை இருக்கவே இருக்கிறது. வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள் வீடு தேடிப் போகும்போது, பலகையில் எந்தச் சொல்லைச் சேர்க்கலாம் என்று முதலில் அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

இந்த அவையில் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களோடு படித்த, உங்கள் தெருவில் இருக்கிற அப்படி ஒருவரை நண்பர்கள் குழுவில் இன்றைக்கே சேருங்கள். அம்மாவின் எண்ணைச் சேர்க்காதீர்கள். அந்த நண்பரின் எண்ணையே சேருங்கள். கேள்வி கேட்டால், பதில் வரும்வரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.