பின்னும் பின்விளைவும்

(நெய்வேலியில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: நவீன மருத்துவம் நமக்குத் தந்தது பெரிதும் நிம்மதியா, அச்சமா? 'நிம்மதியே' அணியில் பேசியது.)



எனக்கு முன்னால பேசின எதிரணிச் சகோதரர் ஒரு போடு போட்டாரு. "எடையைக் குறைக்கிறேன்னு வயித்தை வெட்டி, உள்ளே நூத்துக்கணக்குல ஸ்டேப்ளர் பின் அடிச்சு அனுப்பிடறாங்க. ஆயுசுக்கும் அது உள்ளேயே கிடக்கு. துருப்பிடிக்காதா? குத்தாதா? இதுவாய்யா நிம்மதி?"ன்னு கேட்டாரு. நீங்களும் கைதட்டினீங்க. நல்ல கேள்விதான். ஆனா எங்க வீட்டுல இதே கேள்வி வந்தப்போ யாருக்கும் சிரிப்பு வரல.

என் நாத்தனாருக்கு 2017இல் இந்த ஆபரேஷன் நடந்தது. நூத்துப் பத்து கிலோ, சர்க்கரை, முட்டிவலி எல்லாம் இருந்தது. எடை இறங்குச்சு, சர்க்கரை மாத்திரையும் குறைஞ்சுது. ஆறு வருஷம் கழிச்சு இடுப்புல வலி, ரெண்டு பாதமும் மரத்துப் போகுது. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லிட்டாரு. அப்போ பக்கத்து வீட்டுல ஒரு புண்ணியவதி, "அய்யய்யோ, அது பெரிய காந்தமாச்சே! உள்ள இருக்கிற பின்னையெல்லாம் இழுத்துப் போட்டுடுமே!"ன்னு சொல்லிட்டாங்க. (சிரிப்பு) அந்தச் சீட்டு ரெண்டு மாசம் எங்க வீட்டு முருகன் படத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

நடுவர் அவர்களே, அந்தப் பின் ஆபீஸ்ல காகிதத்துக்கு அடிக்கிற இரும்புப் பின் இல்லீங்க. பெரும்பாலும் டைட்டானியம். அதோட தாது எங்கேயோ அந்நிய தேசத்துல இல்லை, நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல்லயே கிடக்கு. டைட்டானியத்து மேல தானாவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் படிஞ்சுக்கும், அதனால துருப்பிடிக்காது. காந்தம் அதை இழுக்காது. பல் வைத்தியர் தாடை எலும்புல வைக்கிற இம்ப்ளான்ட்டும் இதே உலோகந்தான். ஒவ்வாமை வர்றது அபூர்வம்.

குடலைத் தைக்கிற சங்கடம் இன்னிக்கு நேத்தையது இல்லீங்க. சுஸ்ருதர் காலத்துல, கிழிஞ்ச குடலோட ரெண்டு ஓரத்தையும் சேர்த்து வச்சுக் கறுப்பு எறும்பைக் கடிக்க விட்டு மூடியிருக்காங்க. எறும்புதான் அந்தக் காலத்து ஸ்டேப்ளர்! (கைத்தட்டல்) 1908இல் ஹங்கேரியில ஹுல்ட்ல்னு ஒரு டாக்டர் வயித்தைத் தைக்க ஒரு எந்திரம் பண்ணாரு. மூன்றரைக் கிலோ கனம். பூட்டி முடிக்கவே ரெண்டு மணி நேரம்!

இப்போ ஆபரேஷன்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன். கருவி ஒரு அழுத்து அழுத்தினா ஆறு வரிசைப் பின் விழும், நடுவுல கத்தி ஓடும். மூணு வரிசை உடம்போட இருக்கிற பக்கம், மூணு வரிசை வெட்டி எடுத்துட்டுப் போற பக்கம். ஆக, பாதிப் பின் அப்பவே வெளியே போயிடுது. மீதிப் பின் ஆங்கில 'பி' எழுத்து மாதிரி மடங்கிப் பிடிச்சுக்கும். எத்தனை நாளைக்குப் பிடிக்கணும்? அதுதான் விஷயம்.

நம்ம சுரங்கத்துக்காரங்களுக்கு ஒண்ணு சொன்னா உடனே புரியும். எங்க வீட்டுக்காரர் கன்வேயர் பிரிவுல வேலை பார்த்தவர். பெல்ட் அறுந்தா ரெண்டு முனையையும் சேர்த்து, சூடான தகட்டுக்கு நடுவுல அழுத்திப் பிடிப்பாங்க. ரப்பர் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒட்டுற வரைக்கும்தான் அந்தத் தகட்டுக்கு வேலை. அப்புறம் மண்ணைச் சுமக்குறது பெல்ட்டு. இங்கேயும் அதேதான். சதை ஒட்டி ஆறுற வரைக்கும் பின் தாங்கும். ஆறின பிறகு தாங்குறது சதை. தகட்டைக் கழட்டிடலாம், வயித்துக்குள்ள போய்க் கழட்ட ஆள் இல்லை. அதனால பின் வேலை முடிஞ்சு சும்மா உட்கார்ந்திருக்கு. ரிட்டயர் ஆனாலும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணாத ஆள் மாதிரி! (பலத்த சிரிப்பு)

எதிரணிக்கு ஒரு உண்மையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அமெரிக்காவுல 2011 ஜனவரியிலேருந்து 2018 மார்ச் வரைக்கும், உடம்புக்குள்ள போடுற எல்லா வகை ஸ்டேப்ளர், பின் பத்தியும் அரசு அமைப்புக்கு 41,000க்கு மேல அறிக்கைகள் வந்துது. அதுல 366 மரணம். 2021இல் கட்டுப்பாட்டையே இறுக்கினாங்க. சின்ன விஷயம் இல்லை. ஆனா என்ன கோளாறு? கருவி சரியா அழுத்தல, பின் ஒழுங்கா மடங்கல, சதையோட கனத்துக்குத் தப்பான அளவுப் பின். கோளாறு பிறக்கிற இடம் ஆபரேஷன் மேஜை. தையல் கசிஞ்சா பெரும்பாலும் முதல் சில வாரத்துல காட்டிக் கொடுத்துடும். காய்ச்சல், படபடன்னு நாடி, வயித்துவலி, இடது தோள்பட்டை வலி வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். கஷாயம் வச்சுப் பார்க்கிற நேரம் இல்லை அது.

வருஷம் கழிச்சுப் பின் தொல்லையே தராதான்னா, எப்பவாவது புண்ணோ இரத்தக் கசிவோ வரலாம், அபூர்வம். 1980கள்ல வயித்தை வெட்டாம வெறும் பின் அடிச்சே தடுத்தாங்க. அந்த வரிசை சிலருக்கு வருஷம் கழிச்சுப் பிரிஞ்சுது. இப்போ வெட்டிப் பிரிச்சுடறாங்க.

சரி, நாத்தனார் கதைக்கு வர்றேன். ஆபரேஷன் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி, உள்ளே டைட்டானியம் பின் இருக்குன்னு சொன்னோம். ஸ்கேன் எடுத்தாங்க. ஒரு பின்னும் எட்டிப் பார்க்கல. முதுகெலும்புல லேசான தேய்மானம், அவ்வளவுதான். அப்போ பாதம் ஏன் மரத்துச்சு? இரத்தத்துல பி12 பார்த்தாங்க. தரைமட்டம்!

பி12 உடம்புல சேர்றதுக்கு வேண்டிய சரக்கு சுரக்கிறதே வயித்துச் சுவர்லதான். அதுல முக்கால் பங்குக்கு எடுத்தாச்சு. இருப்பு கரைய வருஷக்கணக்காகும், அதனால சத்தமே இல்லாமக் குறையும். ஆயுசுக்கும் சாப்பிடச் சொன்ன மாத்திரையை, "இளைச்சுத்தான் போயிட்டேனே"ன்னு மூணாவது வருஷமே நிறுத்தியிருக்காங்க. அந்த அம்மா பின்னுக்குப் பயந்தாங்க, பி12க்குப் பயப்படல! (கைத்தட்டல்)

இப்போ ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க. ஒரு பாதம் முழுசாத் தேறிடுச்சு, இன்னொண்ணுல விரல் நுனி மட்டும் இன்னும் மரப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் பார்த்துக்கிறாங்க. அந்தச் சீட்டு இப்போ அவங்க கைப்பையில இருக்கு... நடுவர் மணியில கை வச்சுட்டாரு. உட்கார்ந்துடறேன்.